படிக்காமல் வைத்த மொய்

வக்கீல் குமாஸ்தா என்று கூப்பிட்டால் சந்தனத்துக்கு அரை மனசுதான். எழுத்தாளர் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் முகம் மலரும். ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பிழைப்பு. ஐம்பது தாண்டிய வயதில் பாதிக்கு மேல், ஒரே வக்கீலுக்குக் கேஸ் கட்டுத் தூக்கி, வாய்தா தேதி குறித்து, கட்சிக்காரர்களுக்குச் சமாதானம் சொல்லியே கழிந்துவிட்டது. அந்த வேலையில் அவர் ஓயாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. எவர் எதில் கையெழுத்துப் போட வந்தாலும், முதலில் வாசித்துப் பாருங்கள் என்பார். கண்ணாடி கொண்டுவர மறந்தவர்களுக்குத் தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். கோர்ட்டில் அவ்வளவு யோக்கியர்.

செல்போனைக் கையில் எடுத்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

‘சாரல்’ என்ற பெயரில் அவருக்கு ஒரு வலைப்பதிவு இருந்தது. மலையில் மேகம் இறங்குவது, பஸ் நிலையத்தில் சில்லறைக்கு நடக்கும் சண்டை, சாட்சிக் கூண்டில் ஏறியதும் வாய் குழறுகிறவர்கள் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று எழுதுவார். மோசமில்லை. எழுதிய கையோடு அதை எழுத்துப் பந்தலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். எழுத்துப் பந்தல் என்பது ஒரு செயலி. தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் தங்கள் பதிவை அங்கே கொண்டுவந்து வைக்கலாம். பிடித்திருந்தால் மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். ஓட்டு நிறைய விழுந்த பதிவு முகப்பில் ஏறும். முகப்பில் ஏறியது ஆயிரக்கணக்கான செல்போன்களுக்குத் தானாகப் போகும், அங்கிருந்து வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ பறக்கும்.

அதை உண்டாக்கியவன் ராஜபாளையத்துப் பையன் கௌதம்ராஜ். சென்னையில் மென்பொருள் வேலை. வீட்டில் தெலுங்கு பேசினாலும் தமிழ் எழுத்தின்மேல் அவனுக்கு உண்மையான பிரியம். ஆரம்பத்தில் அவனும் இரண்டு நண்பர்களும் ஒவ்வொரு பதிவையும் வாசித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பதிவுகள் பெருகின. நண்பர்களில் ஒருவன் சண்டை போட்டுக்கொண்டு போனான், இன்னொருவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. தனியாள் எவ்வளவுதான் வாசிப்பான்? இனி நல்லதை வாசகர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று அறிவித்துவிட்டுக் கௌதம்ராஜ் கையைக் கழுவிக்கொண்டான்.

வாசகர் என்று ஒருவர் அங்கே இருந்தால்தானே. பந்தலுக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுதுகிறவர்கள். நம் பக்கத்தில் பந்தல் போட்டால் மொய் இல்லாமல் இருக்குமா? நீ என் பதிவுக்கு ஓட்டுப் போட்டால் நான் உன் பதிவுக்குப் போட வேண்டும். போடாமல் விட்டால் விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் நழுவியவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். மொய்க் கவரில் இருப்பது பழைய நோட்டா புது நோட்டா என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதே மாதிரி, பதிவில் என்ன இருக்கிறது என்று இங்கேயும் யாரும் பார்ப்பதில்லை. ‘அருமை’, ‘வாழ்த்துகள்’, ‘மொய் வச்சாச்சு’ என்று மூன்றில் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

இந்த மொய்யில் சந்தனத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் முந்தின நாள் பாக்கி முழுவதையும் தீர்த்துவிடுவார். தலைப்பு, எழுதியவர் பெயர், கட்டைவிரலால் ஒரு குத்து, அவ்வளவுதான். இந்தப் புண்ணியத்தில் அவருக்கும் ஓட்டு மழையாகப் பெய்து, பந்தலில் நட்சத்திரப் பதிவர் ஆகிவிட்டார். நட்சத்திரம் போடும் ஒரு ஓட்டுக்கு ஐந்து ஓட்டு மதிப்பு. அவர் ஓட்டுப் போட்ட பதிவுக்குக் கீழே அவருடைய படத்தோடு, ‘சாரல் சந்தனம் பரிந்துரைக்கிறார்’ என்று முதல் வரியாக விழும். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆனந்தம்.

அந்த பஸ்ஸில்தான் எப்சி பழக்கமானாள். சேத்தூர்ப் பெண். நர்சிங் படித்துவிட்டு, ஒரு தனியார் நிறுவனத்துக்காகக் குழந்தைகளின் உயரம், எடை கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிச் செண்பகத்தோப்புப் பக்கத்து ஊர்களுக்கு ஆட்டோவில் போவாள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நிறுத்தி அளந்து, மேல்கையில் ஒரு பட்டையைச் சுற்றிப் பார்த்து, கையடக்கக் கணினியில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவள் சந்தனத்தின் பதிவுகளை நிஜமாகவே வாசித்தாள். சாட்சிக் கூண்டைப் பற்றி எழுதியதில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற இடம் நன்றாக இருந்தது என்று ஒருநாள் சொன்னாள். பந்தலில் அவருக்கு விழுந்த ஆயிரம் ஓட்டில் ஒருவர்கூட அந்தச் செருப்பைக் கவனித்ததில்லை. அன்று முதல் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடிப்பார்.

ஆடி மாதக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு காலையில் அவர் வழக்கம்போல ஓட்டுக் குத்திக்கொண்டு வந்தார். எப்சி பக்கத்தில் இருந்து பார்த்துச் சிரித்தாள்.

“ஒண்ணையும் வாசிக்கவே மாட்டீங்களா சார்?”

“எல்லாம் நம்ம ஆளுகதாம்மா. பொறவு சாவகாசமா வாசிச்சுக்கிடலாம்” என்றார்.

சொல்லிக்கொண்டே அடுத்ததைக் குத்தினார். ‘விழிப்புடன் இருப்போம்’ என்று தலைப்பு. போட்டது ‘தமிழ்த்தேனீ’ என்ற பக்கம். யார் நடத்துகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கண்டதை எங்கிருந்தோ அள்ளி வந்து ஒட்டுகிற பக்கம்தான், ஆனால் மொய் தவறாத பக்கம். சந்தனத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் ஓட்டு அங்கிருந்துதான் வரும். அவருடைய கட்டைவிரல் பட்டதும் அது முகப்பில் ஏறிற்று. எப்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வரேன் சார் என்று சொல்லிவிட்டுச் செண்பகத்தோப்பு ஆட்டோவை நோக்கிப் போனாள்.

மத்தியானம் கோர்ட் வாசல் டீக்கடையில் கடைக்காரர் தன் செல்போனை நீட்டினார். அவருடைய குரலில் பெருமை இருந்தது. உங்கள் பெயர் எல்லாக் குரூப்பிலும் சுற்றுகிறதே, பார்க்கவில்லையா என்றார். சந்தனம் சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார்.

படத்தில் எப்சி மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு சின்னப் பிள்ளையின் மேல்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்பு ஒருநாள் யாரோ மறைவில் நின்று எடுத்த படம். முகம் தெளிவாகத் தெரிந்தது. ஊசி போட்டு மயக்கிப் பிள்ளைகளைக் கடத்தும் பெண் செண்பகத்தோப்புப் பக்கம் நடமாடுகிறாள், கண்டால் விடாதீர்கள் என்று எழுதியிருந்தது. அடியில் சந்தனத்தின் படம், பரிந்துரைக்கிறார் என்ற வரி. வாட்ஸ்அப்பில் பரப்பியவன் தன் பங்குக்கு, ‘ஸ்ரீவி கோர்ட் வக்கீலே உறுதி செய்தது’ என்று சேர்த்திருந்தான். தன் பெயர் நாலு ஊர் சுற்றாதா என்று எத்தனையோ வருஷம் ஏங்கிய மனிதர் செல்போனை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் முதலில் பயந்தது எப்சிக்காக அல்ல. தனக்காகத்தான். வக்கீல் பார்த்தால் என்ன சொல்வார், போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் புத்தி ஓடியது. போட்ட ஓட்டை எடுத்துவிடலாம் என்று பந்தலைத் திறந்தார். எடுக்க முடியவில்லை. கோபத்தில் ஒருவருக்கொருவர் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு அலைந்த காலத்தில் கௌதம்ராஜ் அந்த வசதியை அடைத்துவிட்டிருந்தான். தவறான பதிவு என்று புகார் சொல்லும் பொத்தானைத் தேடினார். அதுவும் இல்லை. எதிரிக் கோஷ்டியின் பதிவுகளைக் கவிழ்ப்பதற்கே அதை எல்லாரும் அமுக்குகிறார்கள் என்று அதையும் எடுத்துவிட்டான். பந்தலுக்குள் போக வழி இருந்தது, வெளியே வரத்தான் இல்லை.

கௌதம்ராஜைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தான். மீட்டிங்கில் இருக்கிறேன், லேப்டாப்பைத் திறந்தால்தான் எதையும் நீக்க முடியும், சாயந்திரம் பார்க்கிறேன் அண்ணாச்சி என்று குசுகுசுத்தான்.

“ஏலே தம்பி, சாயந்திரம் வரைக்கும் அந்தப் பிள்ள உசுரோட இருக்கணும்லா” என்றார் சந்தனம்.

அதைத் தன் வாயால் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எப்சியின் நம்பர் அவரிடம் இல்லை, இத்தனை நாள் கேட்டதும் இல்லை. விட்டுப்போன பிள்ளைகளை அளக்க அவள் இன்று எந்த ஊருக்குத் திரும்பப் போகிறாள் என்பது மட்டும் காலையில் பேச்சுவாக்கில் சொல்லித் தெரியும். போலீசுக்குப் போன் போட்டு அந்த ஊரைச் சொன்னார், ஜீப் அனுப்புகிறோம் என்றார்கள். காத்திருக்க முடியவில்லை. டீக்கடைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு மேற்கே விட்டார். வழி நெடுக மாந்தோப்பும் தென்னந்தோப்பும். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியையும் பயந்து பயந்து பார்த்தார். தோப்புகளுக்குள் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லாரும் ஓரிடத்தில் கூடிவிட்டார்கள் என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

ஊர்ச் சாவடிக்கு எதிரே ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் கூட்டம் நின்றது. கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் பெண் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கருத்தம்மா என்று பெயர், படத்தில் இருந்த பிள்ளையின் தாய். அந்தப் படத்தைக் காட்டி இளவட்டங்கள் எப்சியைச் சுற்றி அடிக்கத் தொடங்கியதும், அவளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் சொருகிக்கொண்டவள் அவள்தான். எப்சி நல்லவள் என்று நம்பி அல்ல. அந்தச் சந்தேகம் அவளுக்கும் இருந்தது.

“அவ களவாணியோ நல்லவளோ, எனக்குத் தெரியாது” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு எம்பிள்ளையத் தொட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். போலீசு வரட்டும். அதுவரைக்கும் என்னத் தாண்டி ஒருத்தனும் உள்ள போகக் கூடாது.”

கூட்டத்தின் முன்னால் விஜயபாண்டி என்ற இளைஞன் நின்றான். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதில் ஓட்டத்தில் தேறி, கடிதத்துக்காகக் காத்திருக்கிறவன். ரவுடி இல்லை, ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நம்புகிறவன். அதனாலேயே அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. சந்தனம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிப்போய், அந்தப் பெண்ணைத் தனக்குத் தெரியும், சேத்தூர்க்காரி, கணக்கெடுக்க வந்தவள், விட்டுவிடுங்கள் என்று கத்தினார். விஜயபாண்டி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். செல்போனை எடுத்துப் படத்தையும் ஆளையும் ஒத்துப் பார்த்தான்.

“ஐயா, இது நீங்கதான?” என்று மரியாதையாகவே கேட்டான். “நீங்க சொன்னதாலதான நாங்க நம்புனோம்.”

“நான் அத வாசிக்கலப்பா. வாசிக்காமலே ஓட்டுப் போட்டுட்டேன்.”

வாழ்க்கையில் அவர் சொன்ன சத்தியமான வார்த்தைகளில் அது ஒன்று. ஒருவர்கூட அதை நம்பவில்லை. நம்பும்படியாகவா இருந்தது அது?

“கோர்ட்டுல வேலை பாக்குற மனுசன் வாசிக்காமலா பேரப் போடுவாரு?” என்றான் விஜயபாண்டி. குரலில் மரியாதை குறைந்திருந்தது. “காலைல புடிக்கச் சொல்லுதீக, மத்தியானம் விடச் சொல்லுதீக. யாரு உங்களுக்குப் போன் போட்டது?”

இந்த ஆளும் அந்தக் கூட்டம்தானோ என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சந்தனம் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். நாலைந்து செல்போன்கள் அவரைப் படம் எடுத்தன. யாரோ முதுகில் ஓங்கி அடித்தார்கள், சட்டைக் கை கிழிந்தது. ஒருவன் கல்லை எடுத்துவிட்டான். கருத்தம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் படியில் உட்கார வைத்தாள். நல்லவர் என்று நம்பி அல்ல, இவரையும் போலீஸ்தான் கேட்க வேண்டும் என்று. மூடிய கதவுக்குப் பின்னால் எப்சி முனகுவது சந்தனத்துக்குக் கேட்டது. ஜீப் வரும்வரை அந்தப் படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அத்தனை பயத்தை அவர் அதற்கு முன் அறிந்ததில்லை.

ஜீப்பில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். எப்சியின் உதடு கிழிந்திருந்தது, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்த இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது.

“ஜன்னல் வழியா உங்க பேரக் காட்டுனாங்க சார்” என்றாள் பாதி வழியில். “நீங்க அத வாசிச்சுட்டா போட்டீங்க?”

“இல்லம்மா. சத்தியமா வாசிக்கல.”

அவள் வெளியே பார்த்தாள். “வாசிச்சு, நம்பி, பயந்துபோய்ப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். அப்படின்னா பேசிப் புரியவச்சிருப்பேன். வாசிக்காதவங்ககிட்ட என்ன சார் பேசுறது? அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.”

ஸ்டேஷனில் இறங்கியதும் சந்தனம், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். எப்சியை அவள் அண்ணன் வந்து சேத்தூருக்குக் கூட்டிப்போனான். மறுபடியும் அவள் அந்த வேலைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சந்தனம் எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிப் பந்தலில் சேர்த்தார். அந்தப் பெண் யார், எதற்காக அங்கே போனாள், நான் எப்படி வாசிக்காமல் ஓட்டுப் போட்டேன், இனியாவது அந்தப் படத்தைப் பரப்பாதீர்கள் என்று கெஞ்சியிருந்தார். அவர் எழுதியதிலேயே மிக நல்ல பதிவு அதுதான். அதற்கு இரண்டே ஓட்டு. அன்றைக்கு அவர் யாருக்கும் மொய் வைக்கவில்லையே, அவருக்கு யார் வைப்பார்கள்? புதுப் பதிவுகள் வந்து விழுந்து அதை அடிக்குத் தள்ளிவிட்டன. போலீஸ் பேசிய பிறகு கௌதம்ராஜ் அந்தப் பழைய பதிவை மட்டும் நீக்கினான். தமிழ்த்தேனீயை வெளியேற்று என்று சந்தனம் மன்றாடிப் பார்த்தார். நிறைய ஓட்டு வாங்குகிற பக்கம் அண்ணாச்சி, விசாரிக்காமல் எப்படி நீக்குவது என்றான். விசாரிப்பதைப் பற்றி அவன் பேசுகிறான். வாட்ஸ்அப்பில் எப்சியின் படம் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவர் மனைவி வெங்கடேஸ்வரி சொன்னாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள், அவருக்கு அது மேலும் பயத்தைக் கொடுத்தது.

அதற்குப் பிறகு சந்தனம் பஸ்ஸில் செல்போனைப் பையிலேயே வைத்துக்கொண்டார். பிள்ளையோடு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோர்ட்டில் ஒருவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று வக்கீல் சொன்னார். ஆவணி பிறந்ததும் அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அப்படி ஒரு காலையில் ராஜபாளையம் தாண்டி பஸ் வேகமெடுத்தபோது, பைக்குள் செல்போன் விடாமல் மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். பந்தலின் முகப்பில் அவருடைய பெயர். ‘சாரல் சந்தனம்: அனைவரும் அறிய வேண்டிய மனிதர்’ என்று தலைப்பு. கீழே அவருடைய மொய்ச் சொந்தங்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். ‘அண்ணாச்சிக்கு வாழ்த்துகள்’, ‘தகுதியான மனிதர்’, ‘இன்னும் பல ஊர்களுக்கு இவர் பெயர் போய்ச் சேரட்டும்’ என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். தான் எழுதியதை யாரோ கடைசியில் வாசித்துவிட்டார்கள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திறந்தார். இந்தத் தடவை முதல் எழுத்திலிருந்து வாசித்தார். போட்டது தமிழ்த்தேனீ. அந்த ஊரில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அவர் படம் பெரிதாக இருந்தது. பிள்ளைபிடிக்கும் பெண்ணை மீட்க ஓடி வந்த கூட்டாளி இவன்தான், குமாஸ்தா வேஷத்தில் திரிகிறான், தினமும் காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவான், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆளைக் கண்டால் விடாதீர்கள் என்று எழுதியிருந்தது.

ஓட்டுப் போட்டவர்களில் முதலில் இருந்த ராம்குமாரைக் கூப்பிட்டார். சிவகாசியில் பள்ளிக்கூட வாத்தியார், அவரைவிடப் பத்து வயது இளையவர், அண்ணாச்சி அண்ணாச்சி என்று உயிரையே விடுகிற மனிதர். முதல் மணியிலேயே எடுத்தார்.

“பாத்துட்டீகளா அண்ணாச்சி?” என்றார் உற்சாகமாக.

“ஏலே ராம்குமாரு, அத வாசிச்சியா?” சந்தனம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

“உங்களப் பத்திப் போட்டிருக்கு, அத வேற வாசிக்கணுமாக்கும்? பேரப் பாத்தேன், குத்திட்டேன். நம்ம ஆளுக அம்புட்டுப் பேரையும் போடச் சொல்லியிருக்கேன். எம்புட்டுத் தூரம் போவுதுன்னு மட்டும் பாருங்க.”

முன் இருக்கையில் மடியில் பிள்ளையோடு இருந்த ஒருத்தியிடம் அவள் புருஷன் செல்போனைக் காட்டி ஏதோ சொன்னான். அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு மெல்லப் பின்னால் திரும்பினாள். சந்தனம் ஜன்னலை விட்டு நகரப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் வழிவிடவில்லை.